நாலரைக் குமிழ் ராக்கெட்

சூரமங்கலம், சேலம்

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோதுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே பக்கத்தில் நின்று விட்டுவிடு, அவங்களை நம்பாதே. மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டு முழுங்கியாச்சு என்று சொல்கிற ஆள். இங்கே எல்லாரும் சௌக்கியம். பட்டறையில் வேலை சுமாராக ஓடுகிறது, லேத்தில் நிற்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சின்னவன் ப்ளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி சத்தம் இல்லை.

சரி, கடைசி வரியில் ஒரு குத்து விட்டிருந்தாயே, "ஐம்பது தாண்டின பிறகு பொம்மைக் கட்டை அடுக்குகிறாயாமே" என்று. யார் போட்டுக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும், உன் தங்கச்சிதான். ஆமாம் மாப்ளே, அடுக்குகிறேன். லெகோ. ஹாலில் ஷோகேஸில் கண்ணாடி டம்ளர் இருந்த தட்டு முழுக்க இப்போது என் சாமான்தான், அந்தக் கோபம்தான் அவளுக்கு.

ஆரம்பித்து வைத்தது பெரியவள். வேலைக்குப் போய் கையில் காசு வந்ததும் எனக்கு ஒரு சாட்டர்ன் 5 செட் வாங்கி வந்தாள். அப்பல்லோ ஆட்களை நிலாவுக்குக் கொண்டு போன ராக்கெட். 2017இல் வந்த செட், மொத்தம் 1969 துண்டு. நிலாவில் கால் வைத்த வருஷம் 1969 என்பதால் வேண்டுமென்றே அந்தக் கணக்கு. நிஜத்தில் 110 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், இதில் ஒரு மீட்டர். நிற்க வைத்தால் சின்னவன் இடுப்புக்கு மேலே வருகிறது. கூட வருகிற புத்தகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டே போனால் ராக்கெட் தானாக எழுந்து நின்றுவிடுகிறது. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குப் பெரிய பெருமை ஒன்றும் வரவில்லை, மாமியார் அளந்து கொடுத்த உப்பைப் போட்டுவிட்டு குழம்பு நான் வைத்தது என்று சொல்வது மாதிரிதான். ஆனால் உள்ளே அவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கட்டை எல்லாம் சதுரம், ராக்கெட் உருண்டை. எப்படி உருட்டினார்கள்? நடுவில் ஒரு சதுரத் தூண் கட்டி, அதன் நாலு பக்கமும் குமிழ் (கட்டைத் தலையில் உருண்டையாகத் துருத்திக்கொண்டு இருக்குமே, அது) வெளியே பார்க்கிற மாதிரி துண்டுகளை வைத்து, அதன்மேல் வளைந்த தகடுகளைப் படுக்க வைத்து ஒட்டியிருக்கிறார்கள். குமிழ் மேலே பார்க்க வேண்டும் என்கிற ஒரே விதியை விட்டுவிட்டால் போதும், எதையும் கட்டலாம் என்கிறது அது. ஆனால் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அளவு உதைக்காதா என்று கேட்பாய், நானும் அதைத்தான் கேட்டேன், வெர்னியரை எடுத்து அளந்தே பார்த்தேன். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். மெல்லிய பிளேட் ஒன்றின் உயரம் 3.2. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை, 9.6. இப்போது ஐந்து பிளேட்டை அடுக்கு, 16 வருகிறதா? இரண்டு குமிழ் அகலமும் 16. அவ்வளவுதான் சூட்சுமம். ஐந்து பிளேட் உயரமும் இரண்டு குமிழ் அகலமும் ஒன்று என்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசியில் வந்து பொருந்திவிடும். டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற ஊரில் இருக்கிற லெகோ கம்பெனி, மேலே குமிழும் அடியில் குழலும் சேர்ந்த இந்தப் பிடிப்புக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரியில். இன்றைக்கு வருகிற கட்டையும் அதே பிடிப்புதான். அச்சு வேலையில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட விட்டுக் கொடுக்க மாட்டார்கள். உனக்கும் எனக்கும் பாலிடெக்னிக்கில் ஃபிட்டிங் வகுப்பில் ரெண்டு இரும்புத் துண்டைப் பொருத்த எத்தனை நாள் அரம் போட வைத்தார்கள், அதை நினைத்துக்கொள்.

அப்புறம் எனக்கு ஆசை வந்தது, நம்ம ராக்கெட் ஒன்று கட்டினால் என்ன என்று. சந்திரயான் 3ஐ 2023 ஜூலை 14 அன்று தூக்கிக்கொண்டு போன எல்விஎம்3. கடையில் பெட்டி கிடையாது, புத்தகம் கிடையாது. சாட்டர்ன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால் அதே அளவில், 110இல் ஒரு பங்காகப் போடலாம் என்று பேனா எடுத்தேன். உயரம் 43.5 மீட்டர், அது 40 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சாட்டர்னில் பாதிகூட இல்லை. பார்த்தாயா, டிவியில் ரெண்டும் ஒரே அளவு மாதிரிதானே தெரிகிறது! நடு உடல் 4 மீட்டர் விட்டம், கணக்குப் போட்டால் நாலரைக் குமிழ். பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி நின்று தூக்கிவிடுகிற எஸ்200 பூஸ்டர் 3.2 மீட்டர், அது 3.6 குமிழ். நாலரைக்கு நான் எங்கே போவேன்? ரெண்டையும் நாலு என்று வைத்தால் நடு உடலும் பூஸ்டரும் ஒரே தடிமன் ஆகி, மூன்று பைப்பைச் சேர்த்துக் கட்டிய மாதிரி இருக்கும், ராக்கெட்டாகத் தெரியாது.

அதனால் சாட்டர்னை மறந்துவிட்டு, 80இல் ஒரு பங்கு என்று மாற்றினேன். நடு உடல் ஏறக்குறைய ஆறு குமிழ், பூஸ்டர் சரியாக ஐந்து, மேலே குண்டாக இருக்கிற மூக்கு 5 மீட்டர், அது ஏறக்குறைய எட்டு. ஆறு, ஐந்து, எட்டு என்று கச்சிதமாக விழுந்தது. பிறகும் ஒரு சிக்கல். ஆறு குமிழ் உடலுக்கு நடு என்பது இரண்டு குமிழுக்கு இடையில் வரும், ஐந்துக்கு நடு என்பது குமிழ் மேலேயே வரும், ரெண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் அரைக் குமிழ் ஒதுங்கி நிற்கும். அதற்கென்றே ஜம்பர் என்று ஒரு துண்டு இருக்கிறது, இரண்டு குமிழ் இடத்தில் நடுவே ஒரே ஒரு குமிழ். அரைக் குமிழ் நகர்த்த அது போதும். இந்த மாதிரி அற்பத் துண்டுகள்தான் மாப்ளே முக்கியம், பெரிய கட்டைக்கு எவனும் ஏங்குவதில்லை.

வாலில் தீ வைக்க ஆரஞ்சு நிறக் கண்ணாடித் துண்டு எடுத்து வைத்திருந்தேன். எங்கெங்கே வைப்பது என்று ஏவுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கிளம்பும்போது தீ ரெண்டு பூஸ்டர் கீழே மட்டும்தான். நடுவில் இருக்கிற ரெண்டு விகாஸ் என்ஜினும் சும்மா தொங்கிக்கொண்டு போகிறது, ஏறக்குறைய ரெண்டு நிமிடம் ஆன பிறகு ஆகாயத்தில்தான் பற்றுகிறது. அந்த வீடியோவை உலகமே பார்த்தது, நானும் பார்த்தேன், கை தட்டினேன். இதைக் கவனிக்கவில்லை. கட்ட உட்கார்ந்த பிறகுதான் கண் அங்கே போனது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன், எதை வைப்பது எதை விடுவது என்று நாமே முடிவு செய்ய வேண்டி வரும்போது நிஜச் சாமானை ஒழுங்காகப் பார்த்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

சின்னவனுக்கு ராக்கெட்டில் எல்லாம் நாட்டமில்லை. அவன் கட்டுவது வேறு. ஒரு மஞ்சள் தலை ஆள், தலைக்கு மேலே ஒரு சுத்தியல், பக்கத்தில் பெயிண்ட் ஏணி. அவ்வளவே. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "ஐயோ நேசமணி!" என்று சிரிக்கிறார்கள். 2019இல் உலகம் பூராவும் அவருக்காகப் பிரார்த்தனை செய்ததே, அந்த காண்ட்ராக்டர்தான். நாலு சென்டிமீட்டர் பொம்மைக்கு முகத்தில் ரெண்டு புள்ளி, ஒரு கோடு. வடிவேலு ஜாடை துளியும் கிடையாது. ஆனாலும் சுத்தியல் தலை மேல் வந்துவிட்டால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. நான் ஆறு குமிழா ஐந்தா என்று மண்டையை உடைத்துக்கொண்டு கட்டியதைப் பார்த்து அதே ஆட்கள் "இது என்ன, கோயில் கோபுரமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சினிமாச் சாமானுக்கு ஒரு அடையாளம் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவன் மனசு கட்டிக்கொள்ளும். ஸ்டார் வார்ஸ் கப்பல் ஒன்றை 7541 துண்டில் விற்கிறார்கள், அது உள்ளங்கை அளவிலும் அதேதான் என்று தெரிகிறது. விஞ்ஞானச் சாமானுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கிரீஸ் பக்கம் கடலுக்கடியில் மூழ்கிய கப்பலில் கிடைத்ததே ஆன்டிகிதெரா இயந்திரம், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது, கிரகணம் எப்போது வரும் என்று கணக்குச் சொல்கிற வெண்கலப் பல்சக்கரப் பெட்டி. அதை ஆண்ட்ரூ கரோல் என்பவர் 2010இல் லெகோவிலேயே செய்து ஓட்டியும் காட்டினார். மூலத்தில் 223 பல் வைத்த சக்கரம் இருக்கிறது, ஏனென்றால் கிரகணம் 223 சந்திர மாதத்துக்கு ஒரு முறை அதே வரிசையில் திரும்பும். லெகோவில் கிடைப்பது 8, 16, 24, 40 மாதிரிப் பல்தான். 223 பகா எண், இவற்றை எப்படிப் பெருக்கினாலும் வராது. மனுஷன் டிஃபரன்ஷியல் வைத்து, ரெண்டு சுற்றைக் கூட்டிக் கழித்து அந்த விகிதத்தை வரவழைத்தார். நம்ம பட்டறையில் யாராவது கியர் கணக்கு வராது என்று சொன்னால் இனிமேல் இந்த வீடியோவைத்தான் காட்டப் போகிறேன்.

இப்போது மேஜை மேல் இருப்பது பிரக்யான், சந்திரயான் 3 நிலாவில் இறக்கிவிட்ட ரோவர் வண்டி. ஆறு சக்கரம், ஸ்பிரிங் கிடையாது, ராக்கர் போகி. ஒரு பக்கச் சக்கரம் கல் மேல் ஏறினால் நடுவில் இருக்கிற இணைப்பு மறுபக்கத்தை இறக்கிவிடும், உடம்பு பாதிதான் சாயும், ஆறு சக்கரமும் தரையை விடாது. லெகோ முள் போட்டுச் செய்துவிட்டேன். ஓட்டிப் பார்க்கத் தரை வேண்டுமே, அதற்குத்தான் நம்ம ஊர்ப் பெருமை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கிற அனார்த்தோசைட் கல்லும் நிலாவின் மேட்டுப் பகுதிக் கல்லும் ஒரே ஜாதி. அதைப் பொடி செய்துதான் இஸ்ரோ லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்த்தது, மண் அனுப்பியது நம்ம பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறை. அக்கா வீட்டுக்காரர் அந்தப் பக்கம்தானே, ஒரு பை கொண்டுவந்து போட்டார். தாம்பாளத்தில் பரப்பி ஓட்டினேன். நிஜப் பிரக்யான் எதிரே 4 மீட்டர் அகலப் பள்ளத்தைப் பார்த்ததும் வேறு வழியில் திரும்பிப் போனது, என்னுடையது நேராகப் போய் விழுகிறது. தாம்பாளத்துக்கு உன் தங்கச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

விலைதான் கொடுமை. வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. அடிப்படைக் காப்புரிமை எப்போதோ காலாவதி ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் இதே மாதிரிக் கட்டை செய்யலாம் என்று தெரிந்து, டவுனில் ஒரு கடையில் மலிவுப் பை ஒன்று வாங்கினேன். ஒன்று பிடித்தால் கழற்றக் குறடு வேண்டும், அடுத்தது ஊதினாலே விழுகிறது. எல்லா மலிவுக் கட்டையும் அப்படி இல்லை, பெரியவள் வாங்கித் தந்த இன்னொன்று நன்றாகவே பிடிக்கிறது. அந்தப் பை மட்டும் இப்போது பக்கத்து வீட்டுக் குட்டியிடம்.

போன மாசம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசை, ஏரிக்கரையில் நிற்க இடம் இல்லை. சின்னவன் அந்த வளைவுகளை லெகோவில் கட்டலாம் என்கிறான். சரிவில் சாலையை வளைக்க வேண்டும், குமிழ்க் கணக்கு நாறிவிடும். எனக்கு மேட்டூர் பதினாறு கண் பாலம் மேல்தான் கண். பதினாறு என்பதே கட்டைக்குப் பிறந்த எண்.

நீ பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? உன் மகன் சின்ன வயசில் விளையாடிய டப்பா ஒன்று பரணில் இருக்கிறது என்று ஒரு தரம் சொன்னாய். உள்ளே சாம்பல் நிறத் துண்டு இருந்தால், அதிலும் ஜம்பர் இருந்தால், டப்பாவோடு தூக்கிக்கொண்டு வந்துவிடு. அவனிடம் கேட்டுவிட்டு எடு, பெரியவன் ஆகிவிட்டான் என்று நினைக்காதே, இந்த விஷயத்தில் யாரும் பெரியவன் ஆவதில்லை. வந்தால் தட்டுவடை செட் என் செலவு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்
மாப்ளே