கொழுந்து பறிச்ச கையையும் கணக்குல எடுத்துக்கங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல தேயிலை பத்தி வந்த கட்டுரைய வீட்ல சத்தமா படிச்சேன், அம்மாயி பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க. அவங்களுக்கு எழுத்து தெரியாது. அதுல இருந்த ஒரு தோட்டத்துப் பொண்ணு போட்டோவ காட்டச் சொல்லி ரொம்ப நேரம் பாத்துட்டு, "இந்தப் புள்ள படங்கு கட்டலியே, விடிகாலைல செடிக்குள்ள போனா இடுப்புக்குக் கீழ நனைஞ்சு போயிருமே" அப்படின்னாங்க. படங்குன்னா கொழுந்து பறிக்கிறவங்க பனிக்கும் குச்சி கிழிக்காம இருக்கவும் இடுப்பைச் சுத்தி கட்டிக்கிற சாக்குத் துணி. அம்மாயி இலங்கைல ஒரு தோட்டத்துல பதிமூணு வயசுல கூடை தூக்கினவங்க, 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு எண்ணி ஒதுக்கின 5,25,000 பேர்ல ஒருத்தர், கப்பல்ல ராமேஸ்வரம் வந்து மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு அப்புறம் எங்க கூடலூர் பக்கம் அரசு தேயிலைத் தோட்டத்துல மறுபடியும் அதே கூடையத் தான் தூக்கினாங்க.

கட்டுரை நல்லா தான் இருந்துச்சு, குறை சொல்லணும்னு எழுதல. ஆனா "கண்டுபிடிச்சார்"னு ஒரு வார்த்தை மூணு எடத்துல வருது, அது என் மனசுல உறுத்திட்டே இருக்கு.

முதல்ல சீனாவுல ஷென்னோங் ராஜா, கொதிக்கிற தண்ணில இலை விழுந்த கதை. அது அவங்க ஊர் புராணம், அதுல சண்டை போட ஒண்ணும் இல்ல. எட்டாம் நூற்றாண்டுல அங்க லூ யூன்னு ஒருத்தர் தேயிலைக்குன்னே தனியா ஒரு நூல் எழுதினாருன்னா அதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க சாதாரண சனங்க காய்ச்சிக் குடிச்சிருக்காங்கன்னு தானே அர்த்தம். ரெண்டாவது அசாம். 1823ல ராபர்ட் புரூஸ்ங்கிற வெள்ளக்காரர் அங்க தேயிலைச் செடிய கண்டுபிடிச்சார்னு போட்டிருக்கீங்க. அங்க சிங்போ மக்கள் அந்த இலைய வறுத்து மூங்கில் குழாய்க்குள்ள திணிச்சு அடுப்புப் புகைல வச்சு எடுத்து குடிச்சிட்டு தான் இருந்தாங்க, இன்னைக்கும் அந்த முறை அவங்ககிட்ட இருக்கு. மணிராம் திவான்னு ஒருத்தர் தான் புரூஸுக்கு அவங்களைப் பத்தி சொன்னது. அந்த மணிராம் பின்னாடி சொந்தமா தோட்டம் போட்டார், 1858ல வெள்ளக்காரன் அவரைத் தூக்குல போட்டான். கட்டுரைல அவர் பேரே இல்ல சார்.

மூணாவது தான் எங்க வீட்டுக் கதை. 1867ல கண்டிக்குப் பக்கம் லூல்கந்துரா தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற வெள்ளக்காரர் 19 ஏக்கர்ல தேயிலை போட்டார், உண்மை தான், அவர் உழைப்பாளி தான். கொஞ்ச நாள்லயே துரு நோய் வந்து இலங்கைல காப்பித் தோட்டமெல்லாம் அழிஞ்சு போக, தேயிலை அந்த எடத்தைப் புடிச்சிருச்சு. ஆரம்பத்துல டெய்லருக்கு தனியா ஃபேக்டரி எல்லாம் கிடையாது, பங்களா வராண்டாவுல மேசையப் போட்டு வாடின இலைய கையால உருட்டினாங்க, வெறும் விரலால இல்ல, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வச்சு அழுத்தி தேச்சு உருட்டினாங்க, அப்புறம் மண் அடுப்புல கரி நெருப்புக்கு மேல கம்பித் தட்டுல காய வச்சாங்க. அந்தத் தோட்டங்கள்ல வேலை செஞ்சது நம்ம ஊர்ல இருந்து போன சனம். பஞ்சத்துக்குப் பயந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிட்டுப் போற கங்காணி பின்னால போய், மன்னார்ல எறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுல நடந்து, காலரா காய்ச்சல்னு வழிலயே செத்தவங்க போக மிச்சம் இருந்தவங்க. அந்த முழங்கைகளுக்கும் ஒரு வரி குடுத்திருக்கலாம்.

நீலகிரிலயும் இதே தான். கூடலூர்ல இருந்து ஊட்டிக்கு போற வழில நடுவட்டம் வரும், அங்க அந்தக் காலத்துல சீனக் கைதிகள வச்சிருந்த ஜெயில் கட்டடம் இன்னும் நிக்குது, அதைத் தாண்டித் தான் நாங்க எப்பவும் போவோம். இந்த மலைல தேயிலை வச்ச ஆரம்ப காலத்துல அவங்க கையும் இருக்குன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க.

இன்னொரு விஷயம், "காலங்காலமா தமிழர் வாழ்வோடு கலந்த டீ"ன்னு எழுதியிருக்கீங்க. அது அப்படி இல்லைங்க. நம்ம கொள்ளுப்பாட்டி காலத்துல காலைல நீராகாரம், உடம்புக்கு முடியலன்னா சுக்குத் தண்ணி. இங்க விளைஞ்சது பெரும்பாலும் கப்பல் ஏறிப் போச்சு. 1903ல ஏற்றுமதி ஆகுற டீக்கு ஒரு வரி போட்டு அந்தக் காசுல விளம்பரம் பண்ண ஆரம்பிச்சாங்க, 1930 வாக்குல வெளிநாட்டுல விலை விழுந்தப்ப தான் உள்ளூர்க்காரனைக் குடிக்க வச்சே ஆகணும்னு தீவிரமா எறங்கினாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல எப்படி போடணும்னு எழுதின இரும்பு போர்டு, தெருவுல ஓசி டீ, மில்லுல ஓசி டீ. அப்புறம் இலைய நசுக்கி கிழிச்சு சுருட்டுற சிடிசி மெஷின் வந்து, கொஞ்சம் தூள் போட்டாலே திக்கா எறங்குற மலிவான டஸ்ட் வந்ததுக்கு அப்புறம் தான் மூலைக்கு மூலை டீக்கடை வந்துச்சு. மத்தபடி பேரைப் பாருங்க, தேயிலைல இருக்கிற 'தே' சீனாவுல ஃபூஜியன் கரைப் பக்கத்துப் பேச்சு, நம்ம பக்கத்து மலையாளத்து சாயா இன்னொரு சீனப் பேச்சுல இருக்கிற 'சா'. வெளில இருந்து வந்ததுன்னு பேரே சொல்லுது, அதுல நமக்கு ஒரு குறைச்சலும் இல்ல.

அம்மாயி சொன்னதையும் எழுதிடறேன். அவங்க இருந்த தோட்டத்துல காலைல பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிச்சுக் குடுக்குற எடத்துக்கு, லேட்டா போனா வேலை கிடையாதாம், கொழுந்து நிறுவை கொறைஞ்சா அன்னைக்கு அரைப்பேர், அதாவது பாதி சம்பளம். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல பச்சைக் கொழுந்து வேணும், ஒரு கைப்பிடி என்ன கனம் இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. நல்ல தூள் எல்லாம் பெட்டில ஏறிரும், தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துக்கு வர்றது கடைசி சலிப்புல விழுற டஸ்ட். அதுல கொதிக்க கொதிக்க தேத்தண்ணி போட்டு, பால் கிடையாது, சீனியும் கொஞ்சம் தான், அதனால டம்ளர்ல கலக்காம உள்ளங்கைல வச்சு ஒரு நக்கு, ஒரு மொடக்கு. இப்ப எங்க வீட்ல பால் இருக்கு, சீனி இருக்கு, ஆனா அம்மாயி இன்னும் அப்படித் தான் குடிக்கிறாங்க. கொழுந்துச் சாறு ஏறி கறுத்துப்போன வெடிப்பு விரல்ல இன்னும் போகல, அந்தக் கைல சீனி வெள்ளையா தெரியும்.

அடுத்த இதழ்ல சிங்போ மக்கள் பத்தியும் மணிராம் பத்தியும் ரெண்டு வரி திருத்தமா போடுங்க. அந்த போட்டோவுக்குக் கீழ "தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்"னு மட்டும் இருக்கு. போட்டோ எடுத்தவர் அந்தப் பொண்ணுகிட்ட பேர் கேட்டிருந்தார்னா, அவங்க சம்மதிச்சா, அதையும் போடுங்க. அம்மாயி ரெண்டு தடவை கேட்டுட்டாங்க, யாரு வீட்டுப் புள்ளைன்னு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடலூர், நீலகிரி.