150 மிமீ எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் லார்ஜ் ஃபார்மட் கேமரா (பெரிய ஷீட் ஃபிலிமை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கும் கேமரா) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஷீட் ஃபிலிமுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்குவதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் லென்ஸ் பகுதிக்கு வந்ததும் "4×5 கேமராவுக்கு ஸ்டாண்டர்ட் லென்ஸ் 150 மிமீ, ஏதாவது ஒரு 150 வாங்கினால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். முதல் பாதி சரி. அந்த "ஏதாவது ஒரு" என்பதில்தான் புதிதாக வருகிறவர் மாட்டிக்கொள்வார்.

150க்கே ஒரு கணக்கு இருக்கிறது. 4×5 அங்குல ஷீட்டில் ஓரம் போக, படம் விழும் இடம் ஏறக்குறைய 96க்கு 120 மிமீ, அதன் மூலைவிட்டம் 154 மிமீ. மூலைவிட்டத்தை ஒட்டிய குவியத்தூரம் உள்ள லென்ஸை ஸ்டாண்டர்ட் என்பது வழக்கம், அதனால்தான் 150 (5×7க்கு 210, 8×10க்கு 300 என்பதும் இதே கணக்குதான்). இதையே 35 மிமீ ஃபிலிமுக்குப் போட்டால் 43 வரும், ஆனால் அங்கே நாம் எல்லோரும் பழகியது 50. ஆக 50இல் கண் பழகியவர் 4×5இல் 150ஐ மாட்டிப் பார்த்தால் கொஞ்சம் அகலமாகத்தான் தெரியும், அவருக்கு நேரான லென்ஸ் 180. 35 மிமீ லென்ஸைக் கழற்றாமலே சுற்றியவருக்கு 135 கைகொடுக்கும், முகங்களை எடுக்கிறவர் 210 பக்கம் போவார். இதெல்லாம் அவரவர் பார்வையைப் பொறுத்தது, பெரிய சண்டைக்கு வேண்டியதில்லை.

சண்டை வேறு இடத்தில். லென்ஸ் பின்பக்கம் வட்டமாகத்தான் ஒளியை வீசுகிறது, அந்த வட்டத்துக்குள்தான் நம் ஷீட் உட்கார வேண்டும். லென்ஸை மேலே தூக்கினால், பக்கத்தில் நகர்த்தினால், சாய்த்தால் வட்டமும் கூடவே நகரும். இந்த அசைவுகளுக்காகத்தானே இவ்வளவு பெரிய கேமராவைச் சுமக்கிறோம்! 154 மிமீ வட்டம் ஷீட்டின் நான்கு மூலைகளையும் தொடும், அதற்குமேல் ஒரு மிமீ தூக்கினாலும் மூலை கறுக்கும்.

இப்போது மூன்று 150களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டெசார் வகை, நான்கே கண்ணாடி உள்ள லென்ஸ், 60 டிகிரி மூடுகிறது (அதாவது அவ்வளவு கோணத்துக்கு ஒளி வீசுகிறது) என்று வைத்தால் வட்டம் சுமார் 173 மிமீ. ஷ்னைடர் சிம்மார்-எஸ் 150க்கு 210 மிமீ. ரோடன்ஸ்டாக் அப்போ-சிரோனார்-எஸ் 150க்கு 231 மிமீ. எல்லாம் லென்ஸின் துவாரத்தை எஃப் 22க்குச் சுருக்கி, தூரத்தில் ஃபோகஸ் வைத்தபோது உள்ள அளவு. ஷீட்டைப் படுக்கை வாட்டத்தில் வைத்து லென்ஸை எவ்வளவு தூக்கலாம் என்று கணக்குப் போட்டால் முதலாவதில் 14 மிமீ, இரண்டாவதில் 38, மூன்றாவதில் 50. மூன்றும் காட்டுகிற காட்சி ஒன்றுதான், ஆனால் உயரமான கோபுரத்தையோ கட்டடத்தையோ கேமராவை அண்ணாத்தாமல் நேராக நிறுத்தி எடுக்கப் போகும்போது 14 மிமீ தீர்ந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பழைய ஸ்பீட் கிராஃபிக் பிரஸ் கேமராக்களில் வந்த கோடாக் எக்டார் 127 கூர்மையில் ஒரு குறையும் இல்லாத லென்ஸ், ஆனால் 4×5ஐ மூடும், அவ்வளவுதான். பத்திரிகைக்காரருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

இதற்காக டெசார் வகையைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. கிட்டத்தில் ஃபோகஸ் வைக்க வைக்க லென்ஸ் ஷீட்டிலிருந்து விலகிப் போகும், வட்டமும் பெரிதாகும், பொருளின் நிஜ அளவிலேயே படம் எடுக்கும்போது இரண்டு மடங்காகிவிடும். மேசைமேல் பொருள் வைத்து எடுப்பவருக்கும், முகத்தை மட்டும் எடுப்பவருக்கும் சின்ன, லேசான, விலை குறைந்த அந்த லென்ஸே தாராளம். லென்ஸ் எவ்வளவு மூடுகிறது என்பதை நேரிலேயே பார்க்கவும் முடியும்: கிரவுண்ட் கிளாஸின் (கேமராவின் பின்னால் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடியின்) மூலை வெட்டப்பட்டிருந்தால் அந்த இடுக்கு வழியாக லென்ஸைப் பாருங்கள், துவாரம் முழுசாகத் தெரிந்தால் மூலைக்கு ஒளி வருகிறது, பூனைக்கண் மாதிரி ஒடுங்கித் தெரிந்தால் வெட்டுப்படுகிறது.

கட்டுரையில் பெல்லோஸ், அதாவது லென்ஸுக்கும் ஷீட்டுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் மடிப்புத் துருத்தி, பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பெல்லோஸ் 300 மிமீ வரைதான் நீளும் மடிப்பு கேமராக்கள் நிறைய உண்டு. 150 லென்ஸ் அதில் நிஜ அளவு வரை போகும் (இரண்டு ஸ்டாப் கூடுதலாக, அதாவது நான்கு மடங்கு ஒளி கொடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது), 210ஐ மாட்டினால் பாதி அளவுகூட வராது. துவாரம் எஃப் 5.6 வரை திறக்கும் வகையில் 150 பெரும்பாலும் கோபால் (Copal) 0 என்ற அளவு ஷட்டரில் வரும், 210 கோபால் 1இல், அதனால் லென்ஸைப் பொருத்தும் பலகையான லென்ஸ் போர்டின் ஓட்டையும் மாறும். அப்புறம் எஃப் 9 லென்ஸ்கள். லேசானவை, கூர்மையானவை, ஆனால் கிரவுண்ட் கிளாஸில் 5.6ஐவிட ஒளி இரண்டரை மடங்கு குறைவு. கருந்துணியைப் போர்த்திக்கொண்டு மங்கிய மாலையில் ஃபோகஸ் தேடுகிறவருக்கு அந்த வித்தியாசம் புரியும். முதல் லென்ஸாக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பலர் பயந்து ஓடுகிறார்கள். ஷ்னைடர் லென்ஸ்களில் உள்ளே அடித்த கறுப்பு பெயின்ட் உரிவதால் வருவது அது, படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஷட்டரை ஒரு நொடியில் வைத்துத் தட்டிப் பாருங்கள், இழுத்துக்கொண்டு நின்றால் சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

என்னைக் கேட்டால், என்ன எடுக்கப் போகிறோம் என்று இன்னும் தெரியாதவர் 210 மிமீ வட்டமாவது உள்ள எஃப் 5.6 லென்ஸ் ஒன்றை, 150இலோ 180இலோ, எடுத்துக்கொள்ளலாம். கட்டுரையின் அடுத்த பகுதியில் கேமரா பட்டியல் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு கேமராவுக்கும் பெல்லோஸ் எவ்வளவு நீளும் என்பதையும், லென்ஸ் பெயர் வரும் இடத்தில் ஒளிவட்டத்தின் அளவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்