யூட்டாவிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

இங்கே அமெரிக்காவில் மார்மன்கள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர் நாலைந்து பெண்டாட்டி கட்டுவார்களாமே என்று கேட்டிருந்தாய். 1890-லேயே அவர்கள் சபை அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இப்போது அப்படிக் கட்டினால் சபையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். பிரிந்துபோன சின்னக் குழுக்கள் சிலவற்றில்தான் இன்னும் உண்டு. எனக்கு இங்கே உறுத்துவது வேறு.

எங்கள் தெருவில் பெரும்பாலும் மார்மன் குடும்பங்கள். தங்கமான மனிதர்கள். மருமகளுக்குப் பிரசவம் ஆனபோது எங்களை அடுப்புப் பக்கமே போக விடவில்லை, முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தார்கள். அப்படி வந்து பழக்கமான பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் தன் சிறுவயது ஞாயிறு வகுப்பைப் பற்றிச் சொன்னாள். டீச்சர் மென்று துப்பிய சூயிங்கம்மைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாருக்கு வேணும்?" என்று கேட்பாராம். கல்யாணத்துக்கு முன் உறவு வைத்துக்கொண்ட பெண்ணும் இதுதான் என்பது பாடம். வேறு வகுப்புகளில் கைமாறிக் கைமாறிக் கசங்கிய ரோஜாப்பூவாம். கற்பு இருபாலருக்கும் பொது என்றுதான் சபை சொல்கிறது. ஆனால் சூயிங்கம் ஆனது என்னவோ பெண்பிள்ளைகள்தான்.

எலிசபெத் ஸ்மார்ட்டை உனக்கு நினைவிருக்கிறதா? 2002-ல் சால்ட் லேக் சிட்டியில், 14 வயதில், படுக்கையறையிலிருந்தே கடத்தப்பட்ட பெண். தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்ட ஒருவன் ஒன்பது மாதம் வைத்திருந்து சீரழித்தான். 2013-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசும்போது அவர் இதே சூயிங்கம் பாடத்தைத்தான் நினைவுகூர்ந்தார். 'மென்று துப்பிய சூயிங்கம்மை யாரும் மறுபடி வாயில் போடுவதில்லை, நானும் அதுதான்' என்று அப்போது தனக்குத் தோன்றியதாம். தனக்கு இனி மதிப்பே இல்லை என்று நம்பிவிட்டவள் எதற்காகத் தப்பி ஓடுவாள் என்று கேட்டார். இத்தனைக்கும் அவர் அப்போது மதத்தை விட்டுப்போனவர் இல்லை, அதற்கு முந்தைய வருஷம்தான் மார்மன் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்.

வன்புணர்வுக்கு ஆளானவள் மேல் பாவம் இல்லை என்பதுதானே அவர்கள் கொள்கை என்று நீ கேட்கலாம். ஆமாம், கொள்கை அதுதான். ஆனால் ஸ்பென்சர் கிம்பல் என்பவர் 1969-ல் எழுதிய 'மன்னிப்பின் அற்புதம்' என்ற புத்தகத்தைப் பார். பிறகு சபைக்கே தலைவரானவர் அவர். மனம் ஒப்பாத இடத்தில் குற்றம் இல்லை என்று ஒரு வரி எழுதுகிறார். அதற்கு அடுத்த வரியிலேயே, போராடாமல் கற்பை இழந்து வாழ்வதைவிட அதைக் காக்கப் போராடிச் சாவது மேல் என்கிறார். பயத்தில் உறைந்துபோன பெண் இந்த இரண்டில் எந்த வரியைப் பிடித்துக்கொள்வாள், சொல்.

அவர்கள் வேதத்திலேயே இப்படி ஓர் இடம் இருக்கிறது. பைபிளோடு அவர்கள் வேதமாக வைத்திருக்கும் 'மார்மன் புத்தக'த்தில் ஒரு தகப்பன் மகனுக்கு எழுதும் கடிதத்தில், சிறைபிடித்த பெண்களைப் படைவீரர்கள் கெடுத்ததைச் சொல்லும்போது, எல்லாவற்றையும்விட அருமையான கற்பைப் பறித்துவிட்டார்கள் என்று வருகிறது. பிறகு அந்தப் பெண்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள் என்றும் வருகிறது. உயிர் போனது இரண்டாம்பட்சம் போலிருக்கிறது! இளம்பெண்களுக்கான கையேட்டில் நற்குணம் பற்றிய பகுதியில் அந்த வசனத்தையும் படிக்கச் சொல்லியிருந்தார்கள். 2016-ல்தான் எடுத்தார்கள்.

அதே 2016-ல் இங்கே ப்ரோவோ நகரில் சபையின் சொந்தப் பல்கலைக்கழகத்தில் பெரிய சர்ச்சை. பலாத்காரம் நடந்ததென்று புகார் கொடுத்த மாணவிகளையே, குடித்தாயா, ஆண் அறையில் ஏன் இருந்தாய் என்று ஒழுக்க விதிகளின்படி விசாரித்திருக்கிறார்கள். மாணவிகள் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான், புகார் கொடுப்பவர்மேல் அந்த விதிகளின்படி நடவடிக்கை கிடையாது என்று மாற்றினார்கள்.

அப்புறம் பிஷப் நேர்காணல். பிஷப் என்றால் பாதிரியார் இல்லை. பல் டாக்டரோ, இன்ஷூரன்ஸ் ஏஜென்டோ, சம்பளமில்லாமல் சில வருஷம் உள்ளூர்ச் சபைக்குத் தலைவராக இருந்து பார்க்கிற பொறுப்பு. அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தனியறையில் உட்காரவைத்துக் கற்பைப் பற்றிக் கேட்பார். நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. பிள்ளை விரும்பினால் பெரியவர் ஒருவர் கூட இருக்கலாம் என்று 2018-ல் விதியைத் தளர்த்தினார்கள். தனியறையும் கூடாது, இந்தக் கேள்விகளும் கூடாது என்று போராடிய ஹூஸ்டன்காரர் சாம் யங், அவரே முன்னாள் பிஷப், அதே ஆண்டு சபையிலிருந்து நீக்கப்பட்டார்.

மாறுகிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கிம்பல் புத்தகம் இப்போது அச்சில் இல்லை. உடை பற்றிய விதிகளும் இளைஞர்களுக்கான 2022 கையேட்டில் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் வசனத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால், அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளின் நேர்காணலுக்குத் தானும் உள்ளே போய் உட்காருகிறாள். மகளுக்கு அது பிடிக்கவில்லையாம், "அம்மா, நீ வெளியே இரு" என்கிறாளாம். இவள் எழுந்திருப்பதாக இல்லை.

சரி, சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
கோமதி