கறியில் கதிர் தங்காது

ஆசிரியருக்கு,

கதிர்வீச்சால் வைரஸைச் செயலிழக்க வைத்துச் செய்யும் பறவைக்காய்ச்சல் தடுப்பூசி என்றாலே, ‘கறியில் கதிர் இருக்குமா?’ என்ற கேள்விதான் ஊத்தங்கரைப் பக்கம் முதலில் வருகிறது. இருக்காது. கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகத்தின் காமா கதிர், வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கிவிட்டுக் கடந்துபோகும், மருந்தில் தங்காது. வைரஸைச் செயலிழக்க வைக்க வழக்கமாகச் சேர்க்கும் ரசாயனமான ஃபார்மலின், அதன் புரதங்களைப் பிணைத்து உருமாற்றக்கூடும். கதிரிலோ, கோழியின் எதிர்ப்பொருள் அடையாளம் காணும் மேற்புரதம் பெருமளவு அப்படியே நிற்கும். ஆனால் திரவநிலையில் கதிர் பட்டால் தண்ணீர் உடைந்து, அதில் பிறக்கும் ஃப்ரீ ராடிகல்கள் என்ற வீரியமிக்க துணுக்குகள் புரதத்தையும் சிதைக்கும். அதனால்தான் உறையவைத்துக் கதிர் பாய்ச்சுகிறார்கள். புரதத்தைக் காக்க ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்ப்பதும் உண்டு. கதிர் அளவு குறைந்தால் வைரஸ் உயிரோடு மிஞ்சும், அது இன்னும் மோசம்.

ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறும். மூக்கு, மூச்சுக்குழாய்ச் சளிப்படலத்தைக் காக்கும் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் குறைவுதான். கிருமி நுழையும் வாசலே அதுதானே! மூக்கில் சொட்டாக விட்டுச் சோதிப்பது இதற்காகவே.

எச்5என்1 வகைப் பறவைக்காய்ச்சல் வந்தால் நம் நாட்டில் அந்த இடத்திலிருந்து 1 கி.மீ. தூரத்துக்குள் உள்ள கோழிகளை அழிப்பதுதான் நடைமுறை. ஊசி போட்ட கோழியும் அறிகுறி காட்டாமல் வைரஸை வெளியேற்றலாம். ஆகவே எந்தத் தடுப்பூசி வந்தாலும், கொட்டகையில் சில கோழிகளை ஊசியின்றி, காலில் வளையமிட்டு விட்டுவைக்க வேண்டும்; கிருமி புகுந்ததை அவைதான் முதலில் காட்டும்.

– கோழி வளர்ப்போர் சிலர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்