நிக்சனும் ஒரு கண் ஆபரேஷனும்

அன்புள்ள முருகேசா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. பத்து நாள் புத்தகத்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். சும்மா கிடக்க முடியுமா? அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த நிக்சனின் அறையில் பதிவான பேச்சு ஒலிநாடாக்களைத் தேடிப் போடச் சொல்லி மகளைத் தொந்தரவு செய்தேன். எல்லாம் உன்னால்தான். போன கடிதத்தில் "வாட்டர்கேட் திருடன்" என்று அந்த ஆளை ஒரே வரியில் முடித்திருந்தாயே.

உன் கோபம் எனக்குத் தெரியாததா? 1971 டிசம்பரில், வங்கதேசப் போர் நடந்தபோது, ஹாஸ்டல் வராந்தாவில் ரேடியோவைச் சுற்றி நின்றோம். நிக்சன் அனுப்பிய அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை வங்கக் கடலுக்கு வருகிறது என்று செய்தி. அன்று நீ விட்ட வசவை இங்கே எழுத முடியாது. (நிக்சன் இந்திரா காந்தியைத் தன் அறையில் திட்டியதும் ஏறக்குறைய அதே ரகம்தான்.)

ஆனால் ஆள் அவ்வளவு லேசில் பிடிபடுகிறவர் இல்லை. 'சட்டம் ஒழுங்கு' என்று முழங்கி 1968இல் வென்ற வலதுசாரி. சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்கிற கட்சி. அவரே 1971 ஆகஸ்டில் விலையையும் கூலியையும் 90 நாளைக்குக் கட்டிப்போட்டார். சுற்றுச்சூழலுக்குத் தனி அமைப்பு வந்ததும் அவர் ஆட்சியில்தான். கம்யூனிஸ்ட் எதிர்ப்பிலேயே வளர்ந்தவர், 1972இல் பீஜிங் போய் மாவோவோடு கைகுலுக்கினார். கம்போடியா மேல் ரகசியமாகக் குண்டு போடச் சொன்னவரும் இவரே.

1972 ஜூன் 17, நள்ளிரவு தாண்டிய நேரம். வாட்டர்கேட் கட்டடக் காவலாளி ஒரு கதவின் பூட்டில் டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்து உரித்துப் போட்டார். திரும்பச் சுற்றி வந்தால் மறுபடி டேப்! போலீசுக்குப் போன் போட்டார். அங்கிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஐந்து பேர் சிக்கினார்கள். நவம்பர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49ஐ அள்ளிய மனிதருக்கு இந்தக் களவு எதற்கு? அவர்தான் அனுப்பினார் என்று நிரூபணம் கிடையாது. மூடி மறைத்ததில்தான் மாட்டினார்.

நான் கேட்டது ஜூன் 23ஆம் தேதிப் பேச்சு. கரகரப்பு, முணுமுணுப்பு, பாதி விளங்கவில்லை. சி.ஐ.ஏ. உளவுத்துறையைக் கொண்டு, திருட்டை விசாரிக்கிற எஃப்.பி.ஐ. போலீஸை நிறுத்தச் சொல்லலாம் என்கிறார் உதவியாளர் ஹால்டெமன். நிக்சன் சரி என்கிறார். குரல் உயரவே இல்லையப்பா, வீட்டு வாடகை பேசுகிற மாதிரி இருந்தது. பதிவுக் கருவியை வைக்கச் சொன்னவரும் அவரே! நாடாக்களை ஒப்படை என்று 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று சொன்னது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி அவர் நியமித்த ஆள். ஆகஸ்ட் 5இல் இந்தப் பேச்சு வெளியானது, 9ஆம் தேதி பதவி போனது. ஒரே மாதத்தில் அடுத்து வந்த ஜனாதிபதி ஃபோர்டு மன்னிப்பு கொடுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

சரி, அடுத்த வாரம் இடது கண்ணுக்கு ஆபரேஷன். அதற்குள் பதில் போடு. அப்புறம் உன் கோழிக்கிறுக்கலை மகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும், வசவுகளைப் பார்த்து எழுது.

அன்புடன்,
சண்முகம்