சின்னவனுக்குக் கொஞ்சம் ஆட்டம்

அன்பு மகளுக்கு,

சுங்கை சிப்புட்டில் எல்லாரும் நலம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் சோதனையை 2021-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சோதனை என்றாலே சின்னவனுக்கு வயிற்றைப் பிசைகிறது என்கிறாய். பரதநாட்டிய வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டாயே, இப்போதைக்கு வேண்டாம். அங்கே அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, சரியா தப்பா என்று பார்ப்பார்கள், ஆண்டு விழா மேடை வரும். பயந்த பிள்ளைக்கு அது இன்னொரு சோதனை. வீட்டிலேயே ஆடட்டும்.

பள்ளி விட்டு வந்து சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன் 15 நிமிடம் போதும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், தூக்கம் தள்ளிப்போகும்.

பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகிவிடும். நெஞ்சு படபடக்கும், தோள் காதுவரை ஏறும். அப்போது 'சும்மா உட்காரு' என்றால் பிள்ளையால் முடியாது. கோயில் திருவிழா உறுமி மேளத்தைப் போட்டு 5 நிமிடம் இஷ்டத்துக்குக் குதிக்க விடு.

பிறகு தட்டடவு, பாதத்தைத் தரையில் தட்டும் அடவு. அரைமண்டி, அதாவது முட்டியை வெளிப்பக்கம் மடக்கி நிற்பது, ஆழமாக வேண்டாம், முட்டி லேசாக மடங்கினால் போதும். 'தை யா தை' என்று அவனே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, வலது இடது என்று மாறி மாறி முழுப் பாதமும் பதியத் தட்டட்டும். சொல்லச் சொல்ல மூச்சு வெளியே போயாக வேண்டும், அடக்கிப் பிடிக்க முடியாது. அதனால்தான் பாட்டுப் போட்டு ஆடுவதைவிட இப்படிச் சொற்கட்டு சொல்லி ஆடுவது நல்லது. வகுப்பில் முதல் காலம் என்ற மெதுவான வேகத்திலிருந்து ஏற்றுவார்கள். நீ அதைப்போல் இரு மடங்கு வேகமான இரண்டாம் காலத்தில் தொடங்கி முதல் காலத்துக்கு இறக்கு. வெடுக்கென்று நிறுத்திவிட்டால் படபடப்பு அப்படியே நிற்கும்.

கடைசியில் மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைக்கட்டும். 3 எண்ணி இழுத்து, 5 எண்ணி விடட்டும், 10 தடவை. வெளிமூச்சு நீண்டால்தான் நெஞ்சுத் துடிப்பு தணியும்.

காலுறையோடு டைல்ஸில் ஆடினால் வழுக்கும், வெறுந்தரையில் ஓங்கித் தட்டினால் கணைக்கால் எலும்பு வலிக்கும். வழுக்காத பாய் ஒன்று போடு. வாட்சாப்பில் போட வீடியோ மட்டும் எடுக்காதே. கைப்பேசியைப் பார்த்ததும் தோள் மறுபடி ஏறிவிடும். 'நிமிர்ந்து நில்' என்று திருத்தவும் வேண்டாம். மருமகனையும் கூட ஆடச் சொல், அப்பா தாளம் தப்பி ஆடினால் பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகும்.

இரண்டு வாரம் பார். தூக்கம் வராமல், காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதால், ஆட்டத்தை நம்பி இருக்காதே. அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் காட்டு.

மேளப் பதிவைத் தம்பி இன்றிரவு அனுப்புவான்.

அன்புடன்,
அம்மா