பத்து வாரமும் ஒரு செல்லோடேப்பும்

நாஷ்வில்
அக்டோபர் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் வேல்யுவேஷன் கேம்ப், மே மாதம் அட்மிஷன் டியூட்டி, ஜூனில் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைல், "இதற்குப் பேர் கோடை விடுமுறையாம்" என்று எழுதியிருக்கிறாய். கூடவே ஒரு குத்து: "உனக்கென்ன, அமெரிக்க வாத்தியார், மூன்று மாதம் சும்மா கிடந்தாலும் டாலர் வந்து விழும்." முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

விழாது. எனக்கு ஒப்பந்தம் 9 மாதத்துக்கு. மே மாதம் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டால் ஆகஸ்ட் வரை கல்லூரிக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. இங்கே நிறைய கல்லூரி வாத்தியார்களுக்கு இதே கதைதான். பெரிய பல்கலைக்கழகத்துக்காரன் ஆராய்ச்சி நிதியிலிருந்து கோடைச் சம்பளம் எடுத்துக்கொள்வான். என்னை மாதிரி செமஸ்டருக்கு நான்கு பாடம் எடுப்பவன், சம்மர் கிளாஸ் ஏதாவது அகப்படுமா என்று பார்ப்பான்; இல்லாவிட்டால் 9 மாதக் காசைப் 12 மாதத்துக்கு நீட்டுவான். நானும் வருடக்கணக்காக நீட்டியவன்தான். 2023 கோடையில் அது கொஞ்சம் மாறியது. அப்போது போனில் ஏதோ அரைகுறையாகச் சொன்னேன். நீ இப்போது "உன்னோட மைனாரிட்டி காலேஜில் இருந்துகொண்டு ஆராய்ச்சி எல்லாம் நடக்குமா?" என்று கேட்டிருப்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

மைனாரிட்டி காலேஜ் என்றதும் உன் மனதில் வந்தது என்ன என்று எனக்குத் தெரியும். நம்மூரில் அந்தச் சொல் நிர்வாகத்தைக் குறிக்கிறது. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு, யார் நடத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. இங்கே யார் படிக்கிறார்கள் என்பது கேள்வி. இளங்கலை மாணவர்களில் கால்வாசிப் பேராவது ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் மொழி மரபினர், என்றால் அது ஒரு வகை. பூர்வகுடிகள் நடத்தும் கல்லூரிகள் இன்னொரு வகை. எங்களுடையது மூன்றாவது: 1964-க்கு முன்னால், கறுப்பின மக்களின் படிப்புக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரி. நாடு முழுக்க இந்த மாதிரி சுமார் 100 இருக்கின்றன. எங்கள் ஊரிலேயே ஃபிஸ்க் பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாதபோது, 1866-ல், பழைய ராணுவ ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் காங்கிரகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் சபைக்கார மிஷனரிகள். நாம் படித்த அமெரிக்கன் கல்லூரியை 1881-ல் தொடங்கினார்களே, அவர்களும் அதே சபை மரபுதான். கோரிப்பாளையத்து மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தபோது இது நமக்குத் தெரியுமா என்ன!

ஃபிஸ்க் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்மர் ஐம்ஸ் என்று ஒரு இயற்பியலாளர், அமெரிக்காவில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய இரண்டாவது கறுப்பினத்தவர். அகச்சிவப்பு நிறமாலையில் பெரிய வேலை செய்தவர், கடைசியில் ஃபிஸ்கில் துறைத்தலைவராக இருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு, 1950-களில், அகச்சிவப்பு நிறமாலை கற்றுக்கொள்ள வெளியே இருந்து விஞ்ஞானிகள் கோடையில் அந்தச் சின்னக் கல்லூரிக்கு வந்திருக்கிறார்கள். அதாவது ஒரு காலத்தில் கோடைப் போக்குவரத்து எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. இப்போது நாங்கள்தான் மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்களைக் கோடையில் ஆராய்ச்சிக்கு அழைக்கும் திட்டங்கள் இங்கே ஏராளம். தேசிய அறிவியல் அறக்கட்டளை 1980-களிலிருந்தே பணம் கொடுக்கிறது. 10 வாரம் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கி வேலை செய்யலாம், உதவித்தொகை உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் எங்கள் பையன் போவான், கற்றுக்கொள்வான், திரும்பி வந்து ஒரு போஸ்டர் ஒட்டுவான், அடுத்த வருடம் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். எங்கள் லேபில் ஒரு ஸ்க்ரூகூட இடம் மாறியிருக்காது. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. போகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், இருக்கிறவனை விட்டுவிடுகிறீர்களே?

எரிசக்தித் துறையின் திட்டம் ஒன்றுதான் அந்தக் குறையைத் தீர்த்தது. அந்தத் துறைக்கு 17 நேஷனல் லேப்கள். அப்போதைய விதிப்படி, ஆராய்ச்சி உலகத்தில் அதிகம் இடம் கிடைக்காத கல்லூரிகளின் வாத்தியார்கள் அவற்றில் ஒன்றுக்கு 10 வாரம் போகலாம், கூடவே இரண்டு மாணவர்கள் வரை அழைத்துப்போகலாம். வாத்தியாருக்கும் உதவித்தொகை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் இதே பாணியில், வாத்தியாரும் மாணவருமாகச் சேர்ந்து போகும் ஒரு திட்டம் நடத்தியது. கணவன் மனைவியை ஒன்றாக விருந்துக்கு அழைப்பது மாதிரி. மாணவன் பட்டம் வாங்கிப் போனாலும், வீட்டுக்கு வந்து சமைத்துப் பார்க்க வாத்தியாராவது மிஞ்சுவார் இல்லையா.

விண்ணப்பிக்கும் முன்பே அங்கே ஒரு விஞ்ஞானியைப் பிடித்து, அவரோடு சேர்ந்து ஆராய்ச்சித் திட்டத்தை எழுத வேண்டும். முன்பின் தெரியாத 11 பேருக்கு மெயில் போட்டேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் "மன்னிக்கவும்", இன்னொருவர் "போனில் பேசலாமா?" முதல் வருடம் கிடைக்கவில்லை. இரண்டாவது வருடம் கிடைத்தது.

அதைவிடக் கஷ்டம் மாணவர்களைச் சம்மதிக்க வைத்தது. மெம்பிஸிலிருந்து வந்த ஒரு பெண், வகுப்பில் அவள் கேட்கிற கேள்விகளுக்கு நான் முந்தின ராத்திரியே தயாராக வேண்டியிருக்கும். அவளிடம் சொன்னேன். "யோசித்துச் சொல்கிறேன், டாக்டர்" என்றாள். ஒரு வாரம் ஆளையே காணோம். அப்புறம்தான் தெரிந்தது, கோடை முழுக்க ராத்திரி ஷிப்டில் குடோனில் பெட்டி ஏற்றுவாள், அந்தக் காசில்தான் வீட்டு வாடகையில் ஒரு பங்கு போகிறது. நான் அவள் அம்மாவிடம் போனில் பேசினேன். அம்மா கேட்டது இரண்டே கேள்வி: வாரத்துக்கு எவ்வளவு? முதல் காசு எப்போது வரும்? முதல் கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. இந்த மாதிரித் திட்டங்களில் எல்லாம் இருக்கும் ஓட்டை இதுதான்: தங்குமிடத்துக்கு அட்வான்ஸ் முதல் நாளே கேட்பார்கள், உதவித்தொகை சாவகாசமாக வரும். அட்வான்ஸை நான் கட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கட்டாவிட்டால் அவள் வந்திருக்க மாட்டாள், நானும் தனியாகப் போயிருப்பேன். விண்ணப்பிக்காதவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நினைக்காதே, மாப்ளே.

இன்னொன்று இன்னும் உறுத்துகிறது. அந்த வகுப்பிலேயே சிறந்த பையன் நைஜீரியாக்காரன், மாணவர் விசாவில் இருந்தான். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால்தான் போக முடியும். அவனிடம் அதைச் சொன்னபோது, "பரவாயில்லை, டாக்டர்" என்று அவன்தான் என்னைத் தேற்றினான்.

எனக்குக் கிடைத்த இடம் அந்த லேப்களில் ஒன்றான ஓக் ரிட்ஜ். இதே டென்னஸி மாநிலம், காரில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கிழக்கே. வழியில் நேர மண்டலம் மாறுகிறது. பிள்ளைகளின் போன் தானாக மாறிக்கொண்டது. என் கையில் அப்பாவின் பழைய எச்.எம்.டி. வாட்ச். முதல் நாள் மாலை எங்கள் விஞ்ஞானி சாப்பிட அழைத்திருந்தார். ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். காலத்தைப் பற்றி வகுப்பெடுக்கும் இயற்பியல் வாத்தியார்!

ஓக் ரிட்ஜ் ஊரே 1942-க்கு அப்புறம் அணுகுண்டுத் திட்டத்துக்காக ரகசியமாகக் கட்டியது. அங்கே 1943 நவம்பரில் இயங்கத் தொடங்கிய கிராஃபைட் அணு உலை இன்னும் காட்சிக்கு இருக்கிறது. போய்ப் பார்த்தோம். அந்தக் கோடையில் என்னை அதிகம் தொல்லை செய்தது வேறு ஒரு கதை. எர்னஸ்ட் வில்கின்ஸ் என்று ஒரு கறுப்பினக் கணிதமேதை. 13 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 19 வயதில் டாக்டர் பட்டம். சிகாகோவில் அணு ஆராய்ச்சிக் குழுவில் வேலை செய்துகொண்டிருந்தார். 1944-ல் அவருடைய குழு ஓக் ரிட்ஜுக்கு மாறியபோது அவரால் மட்டும் வர முடியவில்லை. டென்னஸியில் இனப்பிரிவினைச் சட்டம். எட்வர்ட் டெல்லர் என்ற இயற்பியலாளர் இன்னொரு விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதி, இவர் அருமையாக வேலை செய்கிறார், நம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஓக் ரிட்ஜுக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கோ ஒட்டுப்பலகைக் குடில்கள், அதிலும் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். வில்கின்ஸ் 1970-ல் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகப் போனார், வாஷிங்டனில் உள்ள ஹோவர்டுக்கு. இதை மெம்பிஸ் பெண்ணிடம் ஒருநாள் மதியம் சொன்னேன். கழுத்தில் தொங்கிய பாட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவருக்கு இந்த கேட் திறக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டாள். நான் எழுத நினைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது.

வேலையைப் பற்றிச் சொன்னால் நீ பொறாமைப்படுவாய். மாலிப்டினம் டைசல்ஃபைடு ஞாபகம் இருக்கிறதா? கிரீஸில் கலக்கும் கறுப்புப் பொடி. அதன் படிகம் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். செல்லோடேப்பை ஒட்டி உரித்து, டேப்பை மடித்து மறுபடி மறுபடி உரித்தால் மெல்லிசாகிக்கொண்டே போய், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே ஒரு அடுக்கு கிடைக்கும். அப்படி டேப்பால் உரித்தெடுத்த கிராஃபீனுக்குத்தான் (ஒரே அடுக்குக் கரி) 2010-ல் நோபல் கொடுத்தார்கள். ஒற்றை அடுக்கா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம்ம ராமன்தான். திருச்சிக்காரர் 1928-ல் கண்டுபிடித்த அதே சிதறல்: ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் கொஞ்சம் நிறம் மாறி வரும். இந்தப் பொருளின் ராமன் நிறமாலையில் அலையெண் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கு) 383-க்குப் பக்கத்தில் ஒரு முகடு, 408-க்குப் பக்கத்தில் இன்னொன்று. தடிமனாக இருந்தால் இடைவெளி சுமார் 25 அலையெண். ஒற்றை அடுக்கென்றால் 19-க்கு வந்துவிடும். மாணவர்கள் இருவரும் உரிப்பார்கள், நான் லேசரைக் குவிப்பேன். நான்காவது வாரம் திரையில் அந்த இரண்டு முகடுகளும் நெருங்கி வந்தபோது, இன்னொரு மாணவன், மிசிசிப்பி டெல்டாக்காரன், அறையில் சத்தம் போடக்கூடாது என்ற விதியையே மறந்துவிட்டான்.

முதல் மூன்று வாரம் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. டாக்டர் பட்டம் முடித்துவிட்டு அங்கே ஆராய்ச்சி செய்த 26 வயதுப் போஸ்ட்டாக் ஒருவன் எனக்கு பைதான் என்ற கணினி நிரல்மொழி சொல்லிக்கொடுத்தான். வருடக்கணக்காக மேடையில் நின்று பேசியவன், "இந்த வரி புரியவில்லை" என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. பிள்ளைகள் முன்னாலேயே. அதுவும் நல்லதற்குத்தான் போல. அதற்கப்புறம் அவர்களும் வாய் திறந்து புரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

திரும்பி வரும்போது கருவி எதுவும் கொண்டுவரவில்லை. லேப்டாப் நிறையத் தரவு, கொஞ்சம் படிகம், டேப் உருளை. அதை வைத்து மூன்றாம் ஆண்டுக்கு ஒரு செய்முறைப் பாடம் போட்டேன். அந்த நைஜீரியப் பையனுக்குத் தரவு அலசல் கொடுத்தேன். லேபுக்குள்தானே அவனை விடவில்லை, தரவுக்குள் விடலாமே. இன்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அந்தத் தரவில் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட ஓக் ரிட்ஜைப் பார்த்ததில்லை. மெம்பிஸ் பெண் இந்த ஆகஸ்டில் டாக்டர் பட்டப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். அவள் அம்மா எனக்கு ஒரு பெரிய பாட்டில் பார்பிக்யூ சாஸ் அனுப்பினார். நம்ம வீட்டில் அதை இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள், என்ன செய்வது.

இந்த வருடம் நிலைமை குழப்பம். ஜூனில் எங்கள் டென்னஸி மாநிலமே, ஹிஸ்பானிக் கல்லூரிகளுக்கான நிதி செல்லாது என்று வழக்குப் போட்டது. மாணவர்களில் கால்வாசி என்று கணக்கு வைப்பது இன ஒதுக்கீடு என்பது வாதம். செப்டம்பரில் கல்வித்துறை அவர்களுக்கும் அதே மாதிரிச் சில கல்லூரிகளுக்கும் போக வேண்டிய சுமார் 35 கோடி டாலரை நிறுத்தியது. சில நாளில் எங்களுக்கும் பூர்வகுடிக் கல்லூரிகளுக்கும் 49.5 கோடி டாலர் கூடுதலாக அறிவித்தார்கள். பந்தியில் பக்கத்து இலையை எடுத்துவிட்டு நம் இலையில் இன்னொரு கரண்டி போட்ட மாதிரி இருக்கிறது. பசிக்கிறது, சாப்பிடத்தான் செய்வோம். ஆனால் பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வரும் கோடைக்கு எந்தத் திட்டத்தை நம்பிப் பிள்ளைகளிடம் பேசுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது உனக்கு. பெங்களூர் அறிவியல் அகாடமியும் டெல்லி, அலகாபாத் அகாடமிகளும் சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கிறார்களே, இரண்டு மாதம், அதற்கு மாணவர்களை வருடாவருடம் அனுப்புகிறாய். அதில் வாத்தியார்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைக் கவனித்தாயா? விண்ணப்பம் வருடக் கடைசி வாக்கில் வாங்குவார்கள், தேதியைப் பார்த்துக்கொள். வேல்யுவேஷனுக்கு வேறு ஆள் போடச் சொல். "53 வயதில் என்னடா" என்று ஆரம்பிக்காதே. எனக்கும் 53-தான்.

டிசம்பரில் என் மைத்துனர் மதுரைக்கு வருகிறார். அவரிடம் ஒரு சின்ன டப்பா கொடுத்தனுப்புகிறேன். அதில் ஒரு துண்டு படிகம், மேலே 300 நானோமீட்டர் ஆக்சைடு ஏறிய சிலிக்கான் வில்லைகள் நான்கு இருக்கும். அந்த ஆக்சைடு தடிமனில் ஒற்றை அடுக்குகூட நிறத்தில் லேசாக வித்தியாசப்பட்டுத் தெரியும். மேலிருந்து ஒளி விழும் மைக்ராஸ்கோப்பாக இருக்க வேண்டும். உங்கள் மெட்டலர்ஜி லேபில் தூசி படிந்து ஒன்று கிடப்பதாக முன்பு சொன்னாய். செல்லோடேப் மட்டும் நீ வாங்கிக்கொள். டேப்பை உரிக்கும்போது மெதுவாக, மாப்ளே. உனக்குத்தான் எல்லாவற்றிலும் அவசரம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
பழைய ரூம்மேட்